நீச்சல் குளத்தில் எடுத்த குடம்

நீச்சல் குளத்தின் கதையைக் கேட்டு வந்திருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, காத்து, கருப்பு இதிலெல்லாம் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. தெருவில் எவளுக்காவது பேய் பிடித்துவிட்டது என்றால், ரெண்டு வேளை வயிறாரச் சோறு போடுங்கள், தானாக இறங்கிவிடும் என்று சொல்கிறவள் நான். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா? அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஊரே சிரித்து முடித்த விஷயம்தான் இது.

ஊர்ப் பேர் வேண்டாம். இண்டூரிலிருந்து பாப்பாரப்பட்டி போகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த புதிதில் எதையாவது கட்டித் திறந்துவிட வேண்டும் என்று ஊருக்கு ஊர் பெரிய மனிதர்களுக்கு ஒரு வேகம் வந்தது. ஒரு ஊரில் பூங்கா கட்டினார்கள், ஒரு ஊரில் படிப்பகம் கட்டினார்கள், எங்கள் ஊரில் ஒரு கமிட்டி போட்டு நீச்சல் குளம் கட்டினார்கள். மழை எப்போது வந்தது என்று யோசித்துச் சொல்ல வேண்டிய ஊரில் நீச்சல் குளம். குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர்.

சரி, கட்டினார்கள், தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் தெருக் கிணற்றுக்கு வந்தார்கள். எங்கள் தெரு என்றால் மாதா கோயில் தெரு, எல்லாம் காட்டு வேலை செய்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள். ஊர்க் கிணறு எத்தனை வற்றினாலும் எங்கள் கிணற்றில் ஊற்று நிற்காது, அதுதான் அது செய்த பாவம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு திட்டு கட்டி மோட்டாரை இறக்கிவிட்டார்கள், குழாயைக் குளம் வரைக்கும் இழுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக எங்கள் தெருவுக்கு ஒரு குடிதண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாக ரைஸ்மில்காரர் மாதா கோயில் வாசலில் நின்று சொன்னார், அவர்தான் கமிட்டித் தலைவர். அந்தக் குழாய் இன்றைக்கு வரைக்கும் வந்துகொண்டே இருக்கிறது.

குளம் அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அடியில் நீலப் பெயின்ட், சுற்றிலும் சிமென்ட் தரை, ஒரு பக்கம் இடுப்பளவு ஆழம், மறுபக்கம் ஆளை முழுங்கும் ஆழம். திறந்த அன்றைக்கு நம் ஊர் இளவட்டங்கள் வந்தார்கள், எல்லாம் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள், தண்ணீர் என்றாலே அடி தெரியாத ஆழம் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். வந்த வேகத்தில் இடுப்பளவுப் பக்கமே தலைகீழாகக் குதித்தார்கள். நெற்றி பிளந்து, மூக்கு உடைந்து, திறப்பு விழாப் பந்தல் வழியாகவே அவர்களைக் கட்டிலில் தூக்கிப்போனார்கள். அதற்குப் பிறகு டிக்கெட்டு வைத்தார்கள், நிஜார் போடாமல் வரக்கூடாது என்றார்கள், கடைசியில் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகளும் மட்டும் குளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பெண்களுக்கு என்று பலகை எழுதி வைத்தார்கள். எந்தப் பெண் போவாள்? அந்த ஒரு மணி நேரம் காக்கை குளித்தது.

எங்கள் அக்கா ஞானமேரிக்கும் அந்தக் குளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கிணற்றோடு சரி. மழை பொய்த்துப்போன வருடங்கள் வந்தன. மோட்டார் ஓடுகிற நேரத்தில் கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வரும். மத்தியானம் குளத்தை மூடுவார்கள், மோட்டாரையும் நிறுத்துவார்கள், அந்த நேரத்தில் ஊற்றுக்கண்ணில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் சேரும். உச்சி வெயிலில் எங்கள் தெருப் பெண்கள் கிணற்றுக்குள் இறங்குவோம். ஒருத்தி கீழே இறங்கிக் கொட்டாங்குச்சியால் சுரண்டி மொண்டு குடத்தை நிறைப்பாள், ஒருத்தி மேலே நின்று கயிற்றை இழுப்பாள். கீழே இருந்து சத்தம் போட்டால் கிணறு எதிரொலித்து ஒன்றும் புரியாது, அதனால் குடம் நிறைந்ததும் கீழே இருக்கிறவள் கயிற்றை இரண்டு தரம் வெட்டி இழுப்பாள், தூக்கு என்று அர்த்தம். குடம் சுவரில் இடிக்காமல் கை எட்டுகிற வரைக்கும் கீழே இருந்து தாங்கியும் விடுவாள். அக்கா கீழே, நான் மேலே, எப்போதும் அப்படித்தான். நான் இல்லாத அன்றைக்குக் கயிற்றைக் கல்தூணில் கட்டிவிட்டு அவளே இறங்கி நிறைத்துவிட்டு, மேலே ஏறி வந்து அவளே இழுத்துக்கொள்வாள்.

மோட்டார் ஸ்விட்ச் குளத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் இருந்தது, அங்கிருந்து கிணறு தெரியாது. ஆகவே ஒரு ஏற்பாடு, கொட்டகையில் தொங்குகிற தண்டவாளத் துண்டைத் தட்டிவிட்டுத்தான் மோட்டார் போட வேண்டும், சத்தம் கேட்டதும் நாங்கள் ஏறிவிடுவோம். அன்றைக்கு நான் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போயிருந்தேன். அன்றைக்கென்று எந்த ஆபீசரோ குடும்பத்தோடு குளிக்க வருகிறார் என்று மத்தியானமே மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். தண்டவாளத்தைத் தட்டவில்லை. நான் திரும்பி வரும்போது அக்காவைக் கிணற்று மேட்டில் கிடத்தியிருந்தார்கள், வலது கை உள்ளங்கை கருகிப்போயிருந்தது. மோட்டார் வயர் போகிற பக்கம் சுவரைப் பிடித்திருக்கிறாள், கரண்டு அடித்திருக்கிறது, விழுந்திருக்கிறாள். அந்தக் கையைப் பார்த்த எவனுக்கும் அது தெரியும்.

ஆனால் பேச்சு வேறு மாதிரி போனது. கிணற்றில் குடமும் இல்லை, கயிறும் இல்லை. தண்ணீர் மொள்ள வந்தவள் என்றால் குடம் எங்கே என்று ரைஸ்மில்காரர் கேட்டார். முந்தின நாள் அக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் சண்டை நடந்தது தெருவுக்கே தெரியும், ஏதோ ஆட்டுக்குட்டி விஷயம், எந்த வீட்டில் நடக்காத சண்டை? அதை வைத்துக்கொண்டு குதித்துச் செத்தாள் என்று முடித்துவிட்டார்கள். போலீஸும் வந்து, கருகின கையைப் பார்க்காத மாதிரி அப்படியே எழுதிக்கொண்டு போனது. மாமா, அதாவது அக்கா புருஷன் இன்னாசி, தலையைக் குனிந்துகொண்டு ஆமாங்க, சண்டைதாங்க என்றார்.

உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியுமோ என்னவோ. அந்தக் காலத்தில் தானாக உயிரை விட்டவர்களுக்குக் கோயிலில் பூசை இல்லை, மணி இல்லை, மந்திரித்த மண்ணில் இடமும் இல்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வேலிக்கள்ளி ஓரம், சாமியார் வராமல் எங்கள் அக்காவைப் புதைத்தோம். தினமும் விடிய எழுந்து ஜெபமாலை சொல்கிறவள் அவள். இந்தச் சுவருக்கு உள்ளே அவளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு நியாயம் எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தக் குடம் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். அக்கா கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வாங்கித்தந்த பித்தளைக் குடம், கழுத்தில் ஞானமேரி என்று பேர் வெட்டியது. ஒரு தரம் படியில் விழுந்து இடது பக்கம் நெளிந்துபோய், அடியில் ஓட்டை விழுந்து ஈயம் பற்றவைத்தது. அது அன்றைக்கு வீட்டிலும் இல்லை, கிணற்றிலும் இல்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டேன், என்னைப் பாவம் பார்த்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மாமாவுக்குக் கொஞ்ச நாளில் நீச்சல் குளத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. தாயில்லாப் பிள்ளை வைத்திருக்கிறான் என்று ரைஸ்மில்காரர் இரக்கப்பட்டார் என்று சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்தேன். அக்கா மகள் ரோசி கைக்குழந்தை, நான்தான் வளர்த்தேன். மத்தியானம் களி கிண்டி மாமாவுக்குக் குளத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான்.

இனிமேல்தான் நீங்கள் சிரிக்கப்போகிற இடம். மறு வருடம் கோடை, நல்ல உச்சி வெயில், குளம் மூடியிருக்கிறது. மாமா டிக்கெட்டு ரூமில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசில்லாமல் ஆழப் பக்கத்து விளிம்பில், சுவர் நிழலில் களி கொண்டுவந்த தூக்குப்போசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்று இல்லை. பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கை எரித்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது, அடியில் பெயின்ட் உரிந்த இடம் கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றும் இல்லை, நான் நன்றாகப் பார்த்தேன், அடியில் ஒன்றுமே இல்லை. காலையில் பிள்ளைகள் முங்கி முங்கிக் குளித்துவிட்டுப் போன தண்ணீர் அது.

கையில் ஏதோ பட்டது. பார்த்தால் ஒரு தேங்காய் நார்க் கயிறு, நனைந்த கயிறு, தண்ணீருக்குள்ளிருந்து வந்து விளிம்பில் கிடக்கிறது. குளத்தில் யாரோ கட்டிப்போட்ட கயிறு என்று நினைத்துத்தான் எடுத்தேன். எடுத்ததும் அந்தப் பக்கம் யாரோ இரண்டு தரம் வெட்டி இழுத்தார்கள்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். எனக்கு அந்த நேரம் பயம் வரவில்லை. எத்தனை வருடப் பழக்கம், கை தானாக இழுக்க ஆரம்பித்துவிட்டது. நிறைகுடத்தின் கனம், ஆனால் கிணற்றில் வருகிற மாதிரியே லேசாக, கீழே இருந்து ஒரு கை தாங்கிக் கொடுக்கிற மாதிரி வந்தது. சுவரில் ஒரு இடத்தில் கூட இடிக்கவில்லை. மேலே வந்த பிறகுதான் பார்த்தேன், பித்தளைக் குடம், இடது பக்கம் நெளிசல், கழுத்தில் ஞானமேரி. குனிந்து பார்த்தேன், குளத்தில் யாரும் இல்லை. குடத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தேன், ஏன் குடித்தேன் என்று கேட்காதீர்கள். பிளீச்சிங் வாசனையே இல்லை, எங்கள் கிணற்று ஊற்றுத் தண்ணீர், அதே லேசான உப்புக் கரிப்பு. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, வாய்விட்டு அழுதேன்.

அந்தச் சத்தத்தில் மாமா எழுந்து வந்தார். குடத்தைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவே இல்லை.

"இத நான் பொதச்சுட்டேனே லூர்து," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார், நான் எதுவும் கேட்காமலே கொட்டினார். அன்றைக்குக் கிணற்றுக்கு முதலில் ஓடிவந்தது அவரும் ரைஸ்மில்காரரும்தானாம். கரண்டு அடித்தது என்று வெளியே தெரிந்தால் கமிட்டி மேல் கேஸ் வரும், குளத்தைப் பூட்டிவிடுவார்கள், செத்தவள் எழுந்து வரப்போகிறாளா, உனக்கு ஒரு வேலைக்கு நான் ஆச்சு என்று ரைஸ்மில்காரர் சொன்னாராம். இவர் கயிற்றை அவிழ்த்து, குடத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய்விட்டாராம்.

"கயித்துல தொங்கிட்டு இருந்துச்சு. ரொம்பித் தண்ணியோட இருந்துச்சு லூர்து. நான்தான் கவுத்து ஊத்துனேன்."

அவள் தோண்டித் தோண்டி நிறைத்த தண்ணீர். வீட்டில் கைக்குழந்தை, ஒரு சொட்டு இல்லாத வீடு. அதைக் கவிழ்த்து ஊற்றியிருக்கிறார். அன்றைக்கு அவரை நான் என்ன பேசினேன் என்று இங்கே சொல்ல முடியாது. கயிற்றை அவிழ்த்து அங்கேயே போட்டுவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கே புதைத்தீர்கள், காட்டுங்கள் என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். புதைத்ததைத் தோண்டி எடுத்து எவனோ குளத்தில் போட்டிருக்கிறான், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே நடந்தேன். வீட்டுக்குப் பின்னால் எருக்குழி ஓரம் அவர் மண்வெட்டியால் வெட்டினார். காலி குழியைத்தான் பார்க்கப்போகிறோம் என்று நின்றேன்.

மண்வெட்டி டங்கென்று பட்டது. சாக்கு மக்கிப்போயிருந்தது, உள்ளே குடம். இடது பக்கம் நெளிசல், அடியில் ஈயப் பற்று, கழுத்தில் ஞானமேரி. என் இடுப்பில் இருந்ததும் அதுவேதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், மாமா ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார், பிறகு வேலியோரம் போய் வாந்தி எடுத்தார்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். மறுநாள் சாமியாரைப் பார்க்கப் போக வேண்டும். சாமியார் பங்களாவுக்கு எருமண் ஒட்டின பாத்திரத்தை எந்த வீட்டுப் பெண்ணாவது கொண்டுபோவாளா? இரண்டு குடத்தையும் புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கழுவிக் கவிழ்த்தேன். எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் வேறு. கழுவி முடித்து நிமிர்ந்தபோது, மண்ணில் எடுத்தது எது, குளத்தில் எடுத்தது எது என்று எனக்கே தெரியவில்லை.

சாமியார் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். கோயில் மணியை வாங்கித்தந்தவர் ரைஸ்மில்காரர் என்பதும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். குடம் இரண்டையும், கோயில் காரியங்களில் அவருக்குத் துணையாக இருந்த உபதேசியார் கையில் கொடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொன்னார். புதைத்த குடம் என்றால் மண் எங்கே என்று உபதேசியார் கேட்டார். பேர் யார் வேண்டுமானாலும் வெட்டலாம், நெளிசல் யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்றார். குளத்தில் கயிறு வந்ததைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேலியோரம் வாந்தி எடுத்த மனிதர், கைகட்டி நின்றுகொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி. அக்கா போனதுல இருந்து இந்தப் புள்ள இப்படித்தான் பேசிட்டு இருக்குதுங்க," என்றார்.

சாமியார் என்னை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். "ஒண்ணு மட்டும் கொண்டாந்திருந்தா நான் யோசிச்சிருப்பேம்மா. ரெண்டு கொண்டாந்தா நான் என்னன்னு நெனைக்கிறது?"

எருக்குழிக் குடம் ஒன்றே போதும், அது கெட்டியான சாட்சி. அதைத் தோண்ட வைத்ததே குளத்துக் குடம்தான். அது வராமல் இருந்தால் இது கிடைத்திருக்காது, அது வந்ததாலேயே இதை யாரும் நம்பவில்லை. என் அக்கா பாவம், உதவி செய்ய வந்து தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டாள். உயிரோடு இருந்தபோதும் அவள் அப்படித்தான்.

அந்த நார்க் கயிற்றைத் தேடி அன்றைக்குச் சாயங்காலமே குளத்துக்குப் போனேன், இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் கிணறு அடியோடு வற்றியது, குளமும் அதோடு போனது. இப்போது போய்ப் பாருங்கள், ஆழப் பக்கம் முழுக்கச் சீமைக் கருவேல். ரைஸ்மில்காரர் வயசாகித்தான் செத்தார், அவருக்கு ஊர் முழுக்கக் கடையடைத்தார்கள். மாமா செத்தபோதும் அவருக்குப் பெரிய பூசை வைத்து, மணி அடித்து, சுவருக்கு உள்ளே புதைத்தார்கள். அக்கா வெளியேதான் இருக்கிறாள். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், நான் வெளியே நின்று ஏற்றுவேன், காற்று அணைத்துவிடும்.

இரண்டு குடமும் என்னிடம்தான் இருந்தன. இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்து வைப்பேன், எதிலும் தண்ணீர் பிடிப்பதில்லை. ரோசி கல்யாணத்துக்குச் சீர் எடுத்து வைக்கும்போது அவள் தன் அம்மா குடம் வேண்டும் என்று கேட்டாள். கேட்காமல் இருப்பாளா, அவளுக்கு அம்மா என்று இருக்கிற பொருள் அது ஒன்றுதானே. பரண் மேலிருந்து இரண்டையும் இறக்கி முன்னால் வைத்தேன்.

"சித்தி, இதுல அம்மா எடுத்துட்டுப் போனது எது?"

எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் பெங்களூர் பக்கம் குடித்தனம் போய் இத்தனை வருடம் ஆகிறது, தினமும் அதில்தான் குடிதண்ணீர் பிடித்து வைக்கிறாளாம், பேரப்பிள்ளைகளெல்லாம் அதிலிருந்துதான் குடிக்கிறார்களாம். அக்கா கிணற்றுக்கு எடுத்துப்போன குடத்தைக் கொடுத்தேனா, செத்த பிறகு அவள் எங்கிருந்தோ கொண்டுவந்த குடத்தைக் கொடுத்தேனா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.